மூன்று வருஷக் கணக்கு: செட்டிநாட்டுக் கொடையில் எழுந்த இரண்டு பல்கலைக்கழகங்கள்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்த, போன நகரத்தார் ஏஜெண்டின் பதவிக்காலம் மூன்று வருஷம். அதை 'ஒரு கணக்கு' என்பார்கள். 'அவர் ரங்கூனில் ரெண்டு கணக்கு இருந்தவர்' என்றால் ஆறு வருஷம் என்று காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் காலமும் மூன்று வருஷம்தான். ஒற்றுமை அந்த எண்ணோடு முடிந்துபோகிறது.

ஏஜெண்ட் கப்பல் ஏறும் முன்பே சம்பளச் சீட்டு எழுதியாகிவிடும்: எந்தக் கடை, எத்தனை காலம், மொத்தச் சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு. கடையில் அவருக்கு அடுத்த படியில் அடுத்தாள், அதற்கும் கீழே தொழில் பழகும் பெட்டியடிப் பையன். முதலாளி ஊரில் இருப்பார். கடையின் இருப்பும் கடனும் காட்டும் ஐந்தொகை அவருக்கு வந்துகொண்டே இருக்கும். காலம் முடியும்போது புது ஏஜெண்ட் வந்திறங்கி, பழையவரோடு கொஞ்ச காலம் கடையிலேயே உட்கார்ந்து, பேரேட்டில் நிற்கும் பற்று ஒவ்வொன்றையும், அந்தப் பற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆளையும் தெரிந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் பழையவர் ஊர் திரும்புவார்.

துணைவேந்தருக்குச் சீட்டும் இல்லை, ஐந்தொகை கேட்கும் ஒற்றை முதலாளியும் இல்லை, கூட உட்கார்ந்து ஒப்படைக்கும் பழையவரும் இல்லை. செட்டிநாட்டுக் கொடையில் முளைத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் அழகப்பா பல்கலைக்கழகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிர்வாகமும் திட்டமிடலும் எந்த இடத்தில் பிடிப்பு விடுகின்றன என்று பார்ப்பதே இந்த ஆய்வு. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது நோக்கமல்ல. அண்ணாமலை நெருக்கடியில் சிக்கியது, அழகப்பா தரப்பட்டியலில் ஏறியது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஏன் என்ற கேள்விக்குத்தான் பதில் சட்டப் பிரிவுகளிலும் செலவுக் கணக்கிலும் கிடக்கிறது.

கொடுத்த விதமே விதி

கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1920ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதைச் சுற்றி வளர்ந்த கல்வி நிலையங்களோடு 20 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தார். 1928 சட்டத்தின்படி 1929ல் பல்கலைக்கழகம் உருவானது. அந்தக் காலத்து 20 லட்சம் சாதாரணத் தொகை இல்லை. ஆனால் கொடையோடு சட்டத்தில் ஒரு கடிவாளமும் சேர்ந்து வந்தது. நிறுவனரும் அவருக்குப் பின் அவர் வழிவந்தவரும் இணைவேந்தர். துணைவேந்தர் பதவிக்கான பெயர்ப் பட்டியல் அங்கிருந்துதான் வேந்தருக்குப் போகும். மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் இணைவேந்தர் நாற்காலி உயர்கல்வி அமைச்சருக்கு உரியது. சிதம்பரத்தில் அது ஒரு குடும்பத்தின் உரிமையாக 2013 வரை இருந்தது.

கானாடுகாத்தானிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் கோட்டையூர். அங்கே 1909ல் பிறந்த அழகப்ப செட்டியாரின் வழி வேறு. காரைக்குடியில் 1947ல் கலைக்கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அதற்கு 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பிறகு பொறியியல் கல்லூரி, ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி என்று வரிசையாக வந்தன. 1957ல், நாற்பத்தெட்டு வயது நிறையும் தறுவாயில், அவர் காலமானார். அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது 1985ல், தமிழ்நாடு அரசின் சட்டத்தால். நடுவில் இருபத்தெட்டு வருஷ இடைவெளி. அதற்குள் ஆராய்ச்சி நிலையம் மத்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் கையில், கலைக்கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசின் கையில் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நிர்வாகத்துக்குப் பிரிந்துபோயின.

இதைக் கொடையாளரின் பெருந்தன்மை என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் விஷயம் நழுவிவிடும். நிர்வாகக் கோணத்தில் வேறுபாடு இதுதான்: ஒரு இடத்தில் பணம் கொடுத்த கையும் ஆளை நியமிக்கும் கையும் ஒன்று. இன்னொரு இடத்தில் கொடுத்தவர் சட்டத்தில் எங்கேயும் இல்லை, பெயரில் மட்டும் இருக்கிறார். முதல் ஏற்பாட்டில் முடிவு சட்டென்று எடுக்கலாம். திறமையான துணைவேந்தரைத் தேடிப் பிடித்து உட்காரவைக்கலாம். சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் சிதம்பரத்துக்கு வந்தது அப்படித்தான். தமிழிசைக்கு அந்த வளாகம் வீடானதும் அந்தச் சுதந்திரத்தால்தான். ஆனால் அதே கை தப்பு செய்தால் தடுக்க உள்ளே ஆள் இருக்காது. சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழு இருக்கும், நிதிக்குழு இருக்கும். நியமித்தவரைப் பார்த்து 'இது கட்டாது' என்று சொல்லும் தெம்புதான் இருக்காது.

சிதம்பரத்தில் என்ன உடைந்தது

2012 கடைசியில் சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம் என்ற நிலை வெளியே வந்தது. ஊழியர் போராட்டம், வளாகம் மூடல். 2013 ஏப்ரலில் அரசு தனி நிர்வாகியை நியமித்தது. அதே வருஷம் புதுச் சட்டம் வந்து, நிறுவனர் குடும்பத்தின் உரிமைகள் முடிந்தன. அதற்குப் பிறகு தேவைக்கு அதிகமான ஆசிரியர்களும் அலுவலர்களும் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பல கட்டமாக அயல்பணியில் அனுப்பப்பட்டார்கள். மருத்துவக் கல்லூரியின் கட்டணத்தை எதிர்த்து மாணவர் போராடினார்கள். 2021ல் அது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் அரசுக் கல்லூரியாக மாறியது.

நோய் எங்கே என்றால், வரவின் தன்மையும் செலவின் தன்மையும் பொருந்தவில்லை. தொலைதூரக் கல்விக் கட்டணமும் தொழில்முறைப் படிப்புகளின் கட்டணமும் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும் வரவு. சேர்க்கை ஒரு வருஷம் குறையலாம், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒரு சுற்றறிக்கையில் எல்லையைச் சுருக்கலாம். 2013ல் நடந்ததே அதுதான்: மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைதூரக் கல்வி மையம் வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆனால் அந்த வரவை நம்பி எடுத்த ஆளோ நிரந்தர ஆள். நிரந்தர ஆளின் செலவு இறங்காது.

இதைத் தோராயமாகவாவது போட்டுப் பார்த்தால்தான் கனம் தெரியும். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்தால் லட்சத்தை ஒட்டி நிற்கும். முப்பது வயதில் சேர்ந்தவருக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் சம்பளம். 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர் என்றால் அதற்கு மேல் ஓய்வூதியம், அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம். ஆக, ஒரு நியமன உத்தரவில் போடும் கையெழுத்து அரை நூற்றாண்டுக் கடன் பத்திரம். கையெழுத்துப் போடுபவரின் காலம் மூன்று வருஷம்.

ஏஜெண்டுக்குக் கடையில் இப்படி ஒரு அதிகாரம் கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தன் காலத்துக்கு அப்பால் நீளும் கடனை முதலாளி அறியாமல் அவர் கொடுத்தால், ஐந்தொகையில் அது பல்லிளித்துவிடும்.

காரைக்குடியில் என்ன நின்றது

அழகப்பா பல்கலைக்கழகம் தொடக்கத்தில் இணைப்புக் கல்லூரி இல்லாத ஒற்றை வளாகம். 2002ல்தான் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திடமிருந்து இங்கே மாற்றப்பட்டன. சிதம்பரத்துக்கும் 2021ல் அதே திருப்பம் வந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகள் இணைந்தன.

இணைப்புக் கல்லூரி வந்தால் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் வரும், ஓரளவு நிலையான வரவு. கூடவே பல்கலைக்கழகத்தின் சுபாவமே மாறும். தேர்வாணையர் அலுவலகம்தான் வளாகத்தில் பெரிய அலுவலகமாகிவிடும். பேராசிரியர்கள் பாதி நாள் விடைத்தாள் மையத்தில் இருப்பார்கள். செனட் என்ற பேரவையில் கல்லூரி முதல்வர்களும் ஆசிரியப் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். அவர்கள் கேட்பது ஆராய்ச்சிக் கருவி பற்றி இருக்காது. மதிப்பெண் பட்டியல் ஏன் தாமதம் என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தத் திட்ட ஆவணத்திலும் இந்த நேர இழப்பு செலவாகக் காட்டப்படுவதில்லை.

2017ல், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் மூன்றாம் சுற்றில் காரைக்குடிக்கு 4க்கு 3.64 கிடைத்தது. அந்த எண்ணின் உண்மையான மதிப்பு அடுத்த வருஷம் தெரிந்தது. யு.ஜி.சி. 2018ல் கொண்டுவந்த தரப்படுத்தல் விதிகளின்படி 3.51 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகை. புதிய படிப்பு, புதிய துறை, வளாகத்துக்கு வெளியே மையம் இவற்றைச் சுயநிதியில் தொடங்க யு.ஜி.சி.யின் முன் அனுமதி வேண்டாம். தொலைதூரக் கல்விக்கும் அப்போது 3.26 வேண்டும் என்ற வரம்பு வந்தது. பிறகு 2020 விதிகளில் அது 3.01 ஆகவோ, மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் முதல் நூறு இடமாகவோ மாறியது. மதிப்பெண் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வருமான வாசல் ஒன்று அடைபடும் காலம் இது. மாநில உயர்கல்விக்கு மத்திய அரசு நிதி தரும் திட்டமான ரூசாவின் இரண்டாம் கட்டத்தில் 100 கோடி ரூபாய்க்குத் தேர்வானதும் இதே காலத்தில்தான்.

ரூசா பணத்தைப் பற்றி ஊரில் பேசும்போது நூறு கோடி என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பணம் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. தவணையாகத்தான் வரும். வந்ததைச் செலவழித்து மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை. வாங்குவதெல்லாம் 1998ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டத்தின் வழியாக. விவரக்குறிப்பு எழுதி, விளம்பரம் கொடுத்து, தொழில்நுட்ப உறை, விலை உறை திறந்து, ஒரே ஒரு நிறுவனம்தான் வந்தது என்று மறுபடி அழைத்து, கருவி வந்து இறங்கும்போது அதை வைக்கக் குளிரூட்டிய அறை தயாராக இல்லை என்று தெரியவரும். மின்சுமையை உயர்த்த விண்ணப்பித்திருக்கவே மாட்டார்கள். பெட்டி பிரிக்காமல் கிடக்கும் மாதங்களும் உத்தரவாதக் காலத்தில் கழியும்.

அதைவிடப் பெரிய ஓட்டை பின்னால் வரும். கணக்குக்காக ஒரு கருவி இரண்டு கோடி என்று வைத்துக்கொள்வோம். உத்தரவாதம் முடிந்ததும் வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் விலையில் 5 சதவீதம் என்றாலும் 10 லட்சம். அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆள். இரண்டும் ரூசா தலைப்பில் வராது, திட்டம் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் சொந்த வரவில் வரவேண்டும். இப்படிப் பத்துக் கருவி இருந்தால் வருஷம் ஒரு கோடி. வாங்கும்போதே நிதிக்குழு 'நான்காம் வருஷத்திலிருந்து இது யார் தலையில்' என்று கேட்டு எழுதிவைத்த இடங்களில் கருவி ஓடுகிறது. கேட்காத இடங்களில் மேலே உறை போட்டு மூடியிருக்கிறது.

அழகப்பாவின் வெற்றியை எங்கள் மதிப்பீட்டில் இப்படிச் சொல்லலாம்: அது சட்டம் தந்த கட்டுப்பாட்டுக்குள்ளேயே நின்று, வெளியிலிருந்து யார் என்ன அளவுகோல் வைத்தாலும் அதற்கேற்பத் தன் ஆவணங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டது. இது சின்னத் திறமை இல்லை. ஆனால் இதையே திட்டமிடல் என்று சொல்லிவிட முடியாது.

நாக் குழுவுக்காக எழுதப்படும் திட்டம்

நாக் அளவுகோல்களில் ஆறாவது, 'ஆளுகை, தலைமை, மேலாண்மை'. ஆயிரம் மதிப்பெண்ணில் நூறு. அதற்குள் ஒரு உட்பிரிவு, நிறுவனத்துக்கு நெடுநோக்குத் திட்டம் இருக்கிறதா, அது நடைமுறைக்கு வந்ததா என்று கேட்கும். இந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து எல்லாப் பல்கலைக்கழகத்திலும் திட்டம் இருக்கிறது. தொலைநோக்கு, குறிக்கோள், பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல், பிறகு ஐம்பது அறுபது இலக்குகள். ஆய்வுக் குழு வருவதற்குச் சில மாதம் முன்பு, உள்தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் துறைத்தலைவர்களுக்குப் படிவம் அனுப்பி, வந்ததை ஒட்டித் தைத்தது என்பது ஒரு பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். அடையாளம் எளிது: இலக்குகளுக்கு எதிரே தொகை இருக்காது, பெயர் இருக்காது, 'தொடர்ந்து' என்ற சொல் தேதிக்குப் பதிலாக நிற்கும்.

காலக் கணக்கும் உதைக்கிறது. நாக் சுற்று ஐந்து வருஷம். துணைவேந்தர் மூன்று வருஷம். நிதிநிலை அறிக்கை ஒரு வருஷம். என்.ஐ.ஆர்.எஃப். வருஷா வருஷம். நாக் வரும்போது பதவியில் இருப்பவர், முந்தையவரின் ஐந்து வருஷத் தரவுக்குப் பதில் சொல்ல வேண்டும்; அவர் விதைப்பது அடுத்தவர் காலத்தில் அறுவடையாகும். அதனால் புதிதாக வருபவருக்குத் தன் காலத்துக்குள் கண்ணில் படும் வேலையில்தான் நாட்டம் போகும். புதுக் கட்டடம், புது மையம், புதுப் படிப்பு.

புதுப் படிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருஷ முதுகலை, 30 இடம், வருஷக் கட்டணம் 20,000 என்று ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டாம் வருஷம் இரண்டு வகுப்பும் நிரம்பியிருந்தால் 60 பேர், 12 லட்சம் வரவு. கௌரவ விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. 2019ல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000. நான்கு பேர், பத்து மாதம்: 20 லட்சம். ஒரு இடம்கூடக் காலியில்லாமல் நிரம்பியும் எட்டு லட்சம் குறைகிறது. ஆய்வகம் வேண்டிய பாடம் என்றால் சொல்லவே வேண்டாம். அப்போது நடப்பது இரண்டில் ஒன்று: விரிவுரையாளருக்கு அந்தத் தொகையில் பாதிக்கும் கீழே கொடுப்பார்கள், அல்லது நான்கு பேர் பார்க்க வேண்டிய பாடத்தை இரண்டு பேர் பார்ப்பார்கள். திட்ட ஆவணத்தில் மட்டும் 'ஐந்து புதிய படிப்புகள் தொடங்கப்பட்டன' என்று சாதனைப் பட்டியலில் ஏறும். மூடியதைப் பட்டியல் போட்ட திட்ட ஆவணத்தை நாங்கள் பார்த்ததில்லை.

சிண்டிகேட் மேசையில்

திட்டம் உயிர்பெறும் இடமும் செத்துப்போகும் இடமும் சிண்டிகேட் கூட்டம்தான். ஒரு கூட்டத்தின் பொருள் நிரலைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். முன்னால் போன கூட்டத்தின் தீர்மானங்களை உறுதி செய்தல். அடுத்து, அவசரம் கருதித் துணைவேந்தர் ஏற்கெனவே எடுத்த நடவடிக்கைகளுக்குப் பின்னேற்பு. அதில் விடுப்பு, பயணம், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வர் பட்டியல், கல்லூரி இணைப்புப் புதுப்பிப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும். நிதிக்குழுப் பரிந்துரை நடுவில் எங்கோ இருக்கும். கடைசியில் மேசைப் பொருள்: கூட்டத்துக்கு வந்த பிறகு கையில் கொடுக்கப்படும் தாள்கள். பெரிய முடிவுகள் அந்தத் தாள்களில்தான் வரும் என்பது சிண்டிகேட்டில் உட்கார்ந்தவர் எல்லோரும் அறிந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது படித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இதைச் சரிசெய்யச் சட்டத் திருத்தம் வேண்டாம். பின்னேற்புப் பொருள்களை ஒரே இணைப்பாகக் கட்டி ஒரே தீர்மானத்தில் முடிக்கலாம், எதையாவது தனியாக எடுக்க வேண்டும் என்று உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஒழிய. பணம் சம்பந்தப்பட்ட எதுவும் மேசைப் பொருளாக வரக்கூடாது என்று ஒரு தீர்மானம். ஒவ்வொரு நிதிப் பொருளுக்கும் ஒரு அரைப்பக்கக் குறிப்பு: இந்த வருஷச் செலவு, அடுத்த நான்கு வருஷச் செலவு, எந்தத் தலைப்பு, உள்ளாட்சி நிதித் தணிக்கை இதே மாதிரிச் செலவுக்கு முன்பு தடை எழுப்பியிருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். தீர்க்கப்படாத தணிக்கைத் தடைகள் குவிந்த பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் வெட்டுப்பட்டுத்தான் வரும். அந்த வெட்டு கடைசியில் ஓய்வூதியரின் பணப்பலனில் போய் நிற்கும். தடை விழுந்தது பத்து வருஷம் முன்னால் யாரோ முறையான பணியிட ஒப்புதல் இல்லாமல் கொடுத்த பதவி உயர்வுக்கு. அவதிப்படுவது இன்று ஓய்வு பெறும் அலுவலக உதவியாளர்.

நியமனம் என்று வந்தால் வழி இன்னும் நீளம். பணியிடம் இருக்கிறதா, நிதித்துறை ஒப்புதல் இருக்கிறதா, 69 சதவீத இட ஒதுக்கீட்டில் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும் 200 புள்ளிச் சுழற்சியில் எந்தப் புள்ளியில் நிற்கிறோம், விளம்பரம், பரிசீலனை, தேர்வுக் குழு, சிண்டிகேட். ஒழுங்காகப் போனாலே ஒரு வருஷம் ஓடிவிடும். சுழற்சியில் ஒரு புள்ளி தவறினால் மதுரைக் கிளையில் வழக்கு, தடை, இன்னும் இரண்டு வருஷம். துணைவேந்தரின் காலத்தில் கடைசிச் சில மாதம் நியமனம் செய்வது முறையல்ல என்ற எண்ணம் வலுவாக இருப்பதால், முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்காத நியமனம் அவர் காலத்தில் முடிவது அபூர்வம். முதல் ஆறு மாதமோ வளாகத்தைப் புரிந்துகொள்வதிலேயே போய்விடுகிறது.

நாற்காலி காலியாக இருக்கும் காலம்

துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க அமைக்கும் தேடல் குழுவில் வழக்கமாக மூன்று பேர். யார் யாரை நியமிப்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தில் இருக்கும். யு.ஜி.சி.யின் 2018 விதிகளோ யு.ஜி.சி. தலைவரின் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்கின்றன. பத்து வருஷம் பேராசிரியர் அனுபவம், மூன்று முதல் ஐந்து பெயர் கொண்ட பட்டியல் என்றும் சொல்கின்றன. 2022ல் குஜராத், கேரள வழக்குகளில் உச்ச நீதிமன்றம் யு.ஜி.சி. விதியை மாநிலச் சட்டத்துக்கு மேலே வைத்தது. கேரள வழக்கில் ஒரே பெயரைப் பரிந்துரைத்ததால் நியமனமே ரத்தானது. தமிழ்நாட்டில் அதே 2022 ஏப்ரலில் நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் நிறைவேறின. 2023ல் யு.ஜி.சி. பிரதிநிதி விவகாரத்தில் ஆளுநரும் அரசும் எதிரெதிராக நின்றார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளச் சொன்னது. மே மாதம் உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நியாயம் என்பது அரசியல் மேடைக்கு உரிய பேச்சு. பல்கலைக்கழகத்துக்கு அதன் விளைவு ஒன்றே: காலி நாற்காலி.

அப்போது உயர்கல்விச் செயலாளரைப் போன்ற ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் கன்வீனர் கமிட்டி வரும். சம்பளப் பட்டியலில் கையெழுத்து விழும், தேர்வு நடக்கும், முடிவு வெளியாகும். நகராதவை வேறு. புது நியமனம் நகராது. தொழில் நிறுவனத்தோடும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடும் ஒப்பந்தம் நகராது. ஆய்வுத் திட்டத்தில் ஆள் மாற்றம், தலைப்பு மாற்றம் என்ற சின்னக் கோப்புகூடக் கமிட்டி கூடும் தேதிக்காகக் காத்திருக்கும். பட்டமளிப்பு தள்ளிப்போகும், வெளிநாடு போக நிற்கும் மாணவருக்கு அது பெரிய இடி. பதிவாளர், தேர்வாணையர், நிதி அலுவலர் ஆகிய மூன்றில் ஒன்றிரண்டு ஏற்கெனவே 'பொறுப்பு' என்ற அடைமொழியோடு ஓடிக்கொண்டிருந்தால், வளாகத்தில் முடிவெடுக்கச் சட்டப்படி முழு அதிகாரம் உள்ளவர் எவருமே இல்லை என்ற நிலை வரும். கடையில் ஏஜெண்ட் இல்லாதபோது பார்த்துக்கொள்ளத்தான் அடுத்தாள் என்ற பதவியே இருந்தது.

தேடல் குழு அமைக்கும் வேலையைப் பதவிக்காலம் முடிய எட்டு மாதம் இருக்கும்போது தொடங்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. செனட் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் செனட் கூட வேண்டும். அது வருஷத்தில் சில முறைதான் கூடும். அந்தக் கூட்டம் தவறினால் அங்கேயே மாதக்கணக்கில் போய்விடும். பிறகு அரசாணை, விளம்பரம், விண்ணப்பம், பரிசீலனை, நேர்காணல். இவற்றில் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது முதல் படி மட்டுமே. அதைக்கூடத் தாமதிப்பவர்கள் சென்னையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒப்படைப்புக் கோப்பு

சட்டமோ அரசாணையோ தேவைப்படாமல், ஒரு பதிவாளரும் ஒரு நிதி அலுவலரும் மனது வைத்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. துணைவேந்தரின் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு கோப்பு கட்டத் தொடங்குவது. இருபது பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் ஐந்தொகை. தணிக்கைக்குப் போகும் முறைப்படியான வரவு செலவு அல்ல, கடைக்காரர் பார்க்கும் ஐந்தொகை: இன்றைக்கு வங்கியில் எவ்வளவு, அதில் ரூசா போல வேறு தலைப்புக்குக் கட்டுப்பட்டது எவ்வளவு, அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கும் பதக்கத்துக்கும் வந்த வைப்புத்தொகை எவ்வளவு, ஓய்வூதிய நிதி எவ்வளவு. இவற்றைக் கழித்தால் தொடக்கூடியது எவ்வளவு மீதி, அது எத்தனை மாதச் சம்பளம். இந்தக் கடைசி எண்ணை வெளிப்படையாக எழுதும் பழக்கம் இருந்திருந்தால் சிதம்பரத்தில் நெருக்கடி பல வருஷம் முன்பே பேச்சுக்கு வந்திருக்கும்.

அடுத்து, பாதியில் நிற்பவை. ஒவ்வொரு கட்டடம், கருவி, நியமனம், ஒப்பந்தத்துக்கும் ஒரு வரி: எந்தப் படியில் நிற்கிறது, கோப்பு யார் மேசையில், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்யாவிட்டால் என்ன போய்விடும். பயன்பாட்டுச் சான்றுக்குக் கெடு இருந்தால் அது சிவப்பில்.

வழக்குகள் தனியாக. பணி சம்பந்தப்பட்ட வழக்கு எத்தனை, எதில் எதிர்மனு இன்னும் தாக்கலாகவில்லை, எதில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வந்திருக்கிறது. புதுத் துணைவேந்தர் பதவியேற்ற இரண்டாம் வாரம் அவமதிப்பு வழக்கில் நேரில் ஆஜராக வேண்டிய நிலை பல இடங்களில் வந்திருக்கிறது. காரணம், எதிர்மனுக் கோப்பு ஏதோ ஒரு பிரிவில் தூங்கியதுதான்.

தணிக்கைத் தடைகள், வருஷவாரியாக, தொகையோடு. எதற்குப் பதில் அனுப்பியாயிற்று, எது அரசின் தளர்வு இல்லாமல் தீராது, எது ஒரு தாளைத் தேடி எடுத்தால் தீரும். மூன்றாவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம் இருக்கும்.

வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குறுதிகள். இதை எழுத எல்லோரும் தயங்குவார்கள். ஒரு கல்லூரிக்கு இணைப்பு நீட்டிப்பதாகச் சொன்னது, தற்காலிக ஊழியர் சங்கத்திடம் நிரந்தரம் பற்றிப் பேசியது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் கொடைக்கு ஈடாக அரங்கத்துக்குப் பெயர் வைப்பதாக ஒப்புக்கொண்டது. எழுதிவைக்காவிட்டால் புதியவர் வந்த முதல் மாதம் வாசலில் ஐந்து பேர் நிற்பார்கள், ஒவ்வொருவரும் 'சார் சொல்லியிருந்தாரே' என்பார்கள்.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் நிதி அலுவலரும் பதிவாளரும் கையெழுத்திட வேண்டும். போகிறவர் அதற்கு மேலே. வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து முப்பது நாளுக்குள், எந்த வரியை ஏற்கிறேன், எதை ஏற்கவில்லை என்று எதிரே குறித்துத் தன் கையெழுத்தைப் போட வேண்டும். நடுவில் கன்வீனர் கமிட்டி இருந்தால் அதன் ஒருங்கிணைப்பாளரும் இதே பக்கத்தில். அந்தப் பக்கம் அடுத்த சிண்டிகேட்டின் முதல் பொருளாக வரவேண்டும், மேசைப் பொருளாக அல்ல.